துருப்பிடித்த மினி 1000-ஐ ஹாட் ராடாக மாற்றுவது: எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் 1979 மாடல் மினி 1000 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் 998 சிசி. ஓடுகிறது, ஆனால் நீலப்புகை தள்ளுகிறது. முன்பக்கம் டிரம் பிரேக், 10 அங்குல வீல். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப்பெட்டியான சில் இரண்டு பக்கமும் துரு, பின்பக்கச் சாமான் அறையான பூட்டில் பேட்டரி உட்காரும் பெட்டியின் அடி ஓட்டை. வார இறுதியில் வளைவும் மேடுமான கிராமச் சாலைகளில் விரட்டி ஓட்ட, 100 குதிரைத்திறன் அளவுக்கு ஒரு ஹாட் ராட், அதாவது திறன் ஏற்றிய பழைய கார், வேண்டும். 998-லேயே திறனை ஏற்றலாமா, 1380 சிசிக்குப் பெரிதாக்கிக் கட்டலாமா, ஹோண்டா எஞ்சினை இறக்கிவிடலாமா? முதலில் எதில் கை வைப்பது?

என் பதில்: உங்கள் 998-இன் அதே ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 1275 சிசி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சிலிண்டர் துளையை 0.020 அங்குலம் கடைந்து பெரிதாக்கி (போரிங்) 1293 சிசி ஆக்கி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டில் மிதமான ஒன்று, நல்ல ஹெட், ஒரே ஒரு எச்ஐஎஃப்44 கார்புரேட்டர் வையுங்கள். ஃபிளைவீலில் 85 முதல் 90 குதிரைத்திறன் கிடைக்கும். 650 கிலோவுக்குள் நிற்கும் வண்டிக்கு இது தாராளம். டன்னுக்கு 135 குதிரைத்திறன் வருகிறது. அந்தக் கடைசிப் பத்துக் குதிரைகளைத் துரத்தினால் செலவு இரட்டிப்பாகும், சாலையில் ஓட்டும் சுகம் பாதியாகும். ஆனால் எஞ்சினுக்கு ஒரு பவுண்டு செலவழிப்பதற்கு முன் பாடியும் பிரேக்கும் முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்களின் வண்டிகள்தான் பாதி முடிந்த நிலையில் விற்பனைக்கு வருகின்றன.

பாடியிலிருந்து தொடங்குவோம். மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது. தகட்டுக் கூடுதான் எலும்பு. அதில் முன்னும் பின்னும் இரண்டு துணைச் சட்டங்கள் (சப்ஃபிரேம்கள்) தொங்குகின்றன. அதனால் சில் துரு என்பது அழகுப் பிரச்சினை அல்ல, வண்டியின் விறைப்பே அதில்தான் இருக்கிறது. பாருங்கள்: பழைய சில்லை வெட்டி எடுக்காமல் அதன்மேல் அகலமான ஓவர்சில் ஒன்றைப் போர்த்திப் பற்றவைத்து, பட்டி போட்டு, கறுப்பு அண்டர்சீல் அடித்து மறைத்திருப்பது இந்த வயது மினிகளில் சர்வ சாதாரணம். ஒரிஜினல் சில் ஒடுங்கலானது. தரையோடு சேரும் இடம் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போய் முடிந்தால், உள்ளே அழுகல் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: முன் விங்குக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ஏ-பேனல், விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே ஸ்கட்டிலின் இரண்டு மூலைகள், பின் சீட்டுக்குக் கீழே சப்ஃபிரேமின் முன் போல்ட்டுகள் ஏறும் ஹீல்போர்டு, பின் சப்ஃபிரேம், பெட்ரோல் டேங்கின் கீழ் விளிம்பு. பின் சப்ஃபிரேம் தகட்டுப்பெட்டி என்பதால் உள்ளிருந்து அழுகும்; வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே ஒன்றுமே இருக்காது. அதை ஒட்டுப்போட வேண்டாம். புதிதாகவே வாங்குங்கள்.

சில்லை வெட்டும் முறைதான் வண்டியைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். வண்டியைச் சப்ஃபிரேம் ஏறும் இடங்களில் சமமட்டமாகத் தாங்கி நிறுத்துங்கள். சில்லுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு அதே சில்லை வெட்டுவதில் அர்த்தமில்லை. கதவுத் திறப்பில் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு 25 மிமீ சதுரக் குழாயை இரண்டு இடத்தில் பற்றவைத்துக் கட்டுங்கள். திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து தகட்டிலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்து, கதவைத் தொங்கவிட்டு இடைவெளி சரிபார்த்த பிறகே மறுபக்கம் வெட்டலாம். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கூடு நடுவில் அரை சென்டிமீட்டர் தொய்வதற்கு அதன் சொந்த எடையே போதும். அப்புறம் கதவு ஆயுசுக்கும் ஒழுங்காகச் சாத்தாது.

தகடு 0.9 மிமீ அளவுதான். மிக் வெல்டரில் 0.6 மிமீ கம்பி, ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு. சில்லின் விளிம்பில் 6 மிமீ துளைகளை 25 முதல் 30 மிமீ இடைவெளியில் போட்டு, துளையை நிரப்பும் பிளக் வெல்டிங் செய்யுங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங்கிற்கு மிக அருகில் வருவது இதுதான். தொடர்ச்சியாக இழுத்தால் தகடு நெளியும். ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று எனத் தாவித் தாவிப் போங்கள். ஒட்டும் இரண்டு முகங்களிலும் வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் பிரைமர், முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், மூட்டுகளில் சீம் சீலர், பெயின்டுக்குப் பிறகு உட்குழிகளில் கேவிட்டி மெழுகு. கடைசியாகச் சொன்னதை விட்டால் ஐந்து வருடத்தில் மறுபடி இதே வேலை.

பேட்டரிப் பெட்டியில் வெல்டிங் செய்யும் முன் இரண்டு விஷயம், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. பெட்ரோல் டேங்க் அதே பூட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. டேங்கைக் கழற்றி வண்டியை விட்டு வெகுதூரம் கொண்டுபோய் வையுங்கள்; காலி டேங்கில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்து. அடுத்து, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளும் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. உள்ளே மிதியடியை உரித்துப் பற்றவைக்கும்போது கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பின் சப்ஃபிரேமின் முன் போல்ட்டுகள் ஹீல்போர்டுக்குள் பற்றவைத்த நட்டுகளில் இறுகிப்போய் நிற்கும். பலம் காட்டினால் நட்டு உள்ளேயே சுற்றும் அல்லது போல்ட் முறியும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே துரு இளக்கி எண்ணெய் விட்டு வாருங்கள், பிறகு சூடுகாட்டி முன்னும் பின்னுமாக இளக்கி எடுங்கள். கூடு முழுக்கவே போய்விட்டது என்றால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் இன்னமும் புதிய கூடு தயாரிக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் ஏ-பேனல், சில், ஹீல்போர்டு, தரை, பூட் என்று ஐந்தும் போன ஒரு கூட்டைச் சீர்செய்யும் கூலியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது பிரேக். உங்கள் வண்டியின் 7 அங்குல முன் டிரம்மை 40 குதிரைத்திறனுக்குத்தான் வைத்தார்கள். மலையிறக்கத்தில் இரண்டு முறை அழுத்திப் பிடித்தாலே சூடேறிப் பிடிமானம் போகும். வழி இரண்டு. 10 அங்குல வீல்தான் வேண்டுமென்றால், கூப்பர் எஸ் பாணி 7.5 அங்குல டிஸ்க். 12 அங்குலத்துக்கு ஏற சம்மதமென்றால், 1984-க்குப் பின் எல்லா மினிகளிலும் வந்த 8.4 அங்குல டிஸ்க். நான் இரண்டாவதையே சொல்வேன்: உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், விலை குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிரைவ் ஷாஃப்டை வீலோடு இணைக்கும் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், டிரம் வண்டியிலிருந்து எடுத்தது என்றால் டிஸ்க் ஹப்பில் ஏறாது. ஹப், டிரைவ் ஃபிளாஞ்ச், காலிப்பர், சிவி ஜாயின்ட் நான்கையும் ஒரே வகை வண்டியிலிருந்து முழு செட்டாக எடுங்கள். மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். பின் டிரம்மின் வீல் சிலிண்டர் விட்டமும் முன் டிஸ்க்குக்குப் பொருந்த வேண்டும். பெரியதை அப்படியே விட்டால் மழையில் பின் வீல் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாய்ச் சுற்றும். மிதியின் பாரத்தைக் குறைக்கும் சர்வோ தேவையில்லை. மிதி கனமாக இருக்கும், ஆனால் வீல் எந்தக் கணத்தில் வழுக்குகிறது என்பது காலுக்குத் துல்லியமாகத் தெரியும். 5 அல்லது 6 அங்குல அகல வீலில் 165/60 ஆர்12 டயர் போதும். 6 அங்குலத்துக்கு வீலை மறைக்கும் அகலமான ஆர்ச் வேண்டும். வீல் வாங்கும்போது பிசிடி (நட்டுத் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 101.6 மிமீ, நான்கு நட்டு என்று கேளுங்கள். 100 மிமீ வீல் ஏறுவது போலத்தான் தோன்றும், ஏற்றக் கூடாது.

சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கோன்கள். காலம் போகப் போக அவை அமுங்கிக் கல்லாகிவிடும். வண்டி தாழ்ந்து நிற்பதைப் பார்த்து ‘லோயர் பண்ணியிருக்கிறார்கள்’ என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் செத்துப்போன கோன்தான் காரணம். நான்கையும் மாற்றிவிட்டு, உயரம் மாற்றக்கூடிய ஹை-லோ வையுங்கள். இதில் ஒரு கணக்கு உண்டு. நெம்புகோல் விகிதம் முன்னே சுமார் 3-க்கு 1, பின்னே சுமார் 5-க்கு 1. ஹை-லோவை ஒரு மில்லிமீட்டர் திருகினால் முன் வீலில் 3 மிமீ, பின் வீலில் 5 மிமீ மாறும். இது தெரியாமல் பின்னே நான்கைந்து சுற்று இறக்கிவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கும்போது, ஆர்முக்கும் கோனுக்கும் நடுவே நிற்கும் ட்ரம்பட் என்ற தண்டு தன் குமிழ் இருக்கையிலிருந்து நழுவி விழுவது அடிக்கடி நடக்கிறது. தாழ்த்திய வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பின் உயரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். சாலை வண்டிக்கு 25 மிமீ தாழ்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே ஓடும், வளைவில் திடீரென்று பிடி விடும்.

முன் கோனைக் கழற்ற, டவர் துளை வழியே இறங்கும் அமுக்குக் கருவி கட்டாயம். நெம்புகோல் வைத்துச் சமாளிக்க நினைத்தால் விரல் போகும். முன்னே வீலின் மேல்பக்கத்தை 1.5 டிகிரி உள்ளே சாய்க்கும் (நெகட்டிவ் கேம்பர்) கீழ் ஆர்ம், நீளம் மாற்றக்கூடிய டை ராடு. வீல்கள் நோக்கும் திசை (டோ): முன் வீல் 1.6 மிமீ வெளிநோக்கி, பின் வீல் 3.2 மிமீ உள்நோக்கி. பின் ரேடியஸ் ஆர்மின் தண்டை ஒரு பக்கம் நீடில் பேரிங்கும் மறுபக்கம் வெண்கல புஷ்ஷும் தாங்குகின்றன. கிரீஸ் காணாமல் தண்டு படிக்கட்டு போலத் தேய்ந்திருக்கும். புது புஷ்ஷை அடித்த பிறகு பேரிங்கோடு ஒரே நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும், அந்த நீண்ட ரீமர் இல்லாதவர் தொடக்கூடாது. ஆர்மைக் கழற்றி மினி பட்டறைக்கு அனுப்பினால் மலிவாகவே முடியும்.

இனி எஞ்சின். 998-ஐயே ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. உறிஞ்சும் மேனிஃபோல்டு, நீண்ட நடுக்கிளை எக்ஸாஸ்ட், தாராளமான சைலன்சர், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் ஊசி மாற்றம் ஆகிய ‘ஸ்டேஜ் 1’ சாமான்களைப் போட்டால் 40 குதிரைத்திறன் 50-ஐத் தொடும். 12ஜி295 என்ற வார்ப்பு எண் கொண்ட ஹெட்டும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இனிமையான சின்ன எஞ்சின் அது. ஆனால் 1275-இன் 12ஜி940 ஹெட்டை அப்படியே 998-இல் மாட்டிவிடாதீர்கள். அந்தச் சிறிய போரில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். பிளாக்கில் குழி வெட்டியாக வேண்டும். அவ்வளவு வேலைக்கு 1275-ஐ வாங்கிவிடலாம்.

ஹோண்டா எஞ்சின் வேகமானதுதான். ஆனால் அதற்குத் தனி முன் சப்ஃபிரேம் வேண்டும், பெரும்பாலான கிட்டுகளில் முன்பக்கத் தகட்டையும் வெட்ட வேண்டும். தகட்டுக் கூடான மோனோகாக்கை வெட்டினால் வண்டியின் பதிவு அடையாளமே கேள்விக்குள்ளாகலாம். 998-க்குப் பதில் 1275 என்பதோ ஒரே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவு மட்டுமே. 40 வயது தாண்டிய வண்டிக்கு உள்ள எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) விலக்கை அது பாதிப்பதில்லை. எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் வண்டிப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லிவிடுங்கள். விலக்கு இருந்தாலும் வேலை முடிந்ததும் விருப்பமாக ஒருமுறை எம்.ஓ.டி. காட்டுங்கள். இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது.

1275 எங்கே கிடைக்கும்? ஆஸ்டின் மெட்ரோ 1.3, எம்ஜி மெட்ரோ, மினி 1275ஜிடி, 1992-க்குப் பின் வந்த மினிகள். எம்ஜி மெட்ரோ எஞ்சின் அகப்பட்டால் விடாதீர்கள், 35.6 மிமீ உறிஞ்சு வால்வு, 10.5 கம்ப்ரஷன், தொழிற்சாலையிலேயே 72 குதிரைத்திறன். வாங்கும் முன் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். நடு சிலிண்டர்களின் உறிஞ்சு வால்வு இருக்கைக்கும் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுவது இந்த ஹெட்டின் பிறவிக் குணம். காரணம் எளிது: 2, 3 சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே எக்ஸாஸ்ட் வாசல், சூடு முழுக்க அங்கே குவிகிறது. சாயம் விட்டோ பிரஷர் டெஸ்ட் செய்தோ உறுதிப்படுத்தாத ஹெட்டில் லேத் வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்காகக் கடினமான எக்ஸாஸ்ட் இருக்கைகளை அப்போதே பதித்துவிடலாம்.

இந்த ஐந்து வாசல் ஹெட்டைப் புரிந்துகொண்டால்தான் கேம் தேர்வு புரியும். 1-உம் 2-உம் ஒரே உறிஞ்சு வாசலைப் பங்கிடுகின்றன. 3-உம் 4-உம் அப்படியே. எரியும் வரிசை 1-3-4-2. ஆக 2 குடித்து முடிக்கும் முன்பே 1 குடிக்கத் தொடங்குகிறது. 3-க்குப் பின்னாலேயே 4. ஒன்றின் பங்கை மற்றொன்று பறிக்கிறது. வால்வு அதிக நேரம் திறந்திருக்கும் ரேஸ் கேம் போட்டால் இந்தப் பறிப்பு குறைந்த சுற்றில் மோசமாகி, 2500-க்குக் கீழே வண்டி திக்கும், துப்பும். அதனால்தான் கென்ட் 266 அல்லது எஸ்டபிள்யூ5 போன்ற மிதமான ரகக் கேமோடு நில்லுங்கள் என்கிறேன். 276 வரை போகலாம். 286 சாலைக்கு வேண்டாம். கிராமத்துத் திருப்பத்தில் இரண்டாம் கியரில் எழும்பி வர வேண்டிய இழுவை அதில் இருக்காது.

கேமை மலிவாக வாங்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1275 பிளாக்கில், கேமின்மேல் உட்காரும் டேப்பட்டை (ஃபாலோயர்) பார்க்கப் பக்க மூடி கிடையாது. ஃபாலோயரை எடுக்க வேண்டுமானால் எஞ்சினை இறக்கி, கியர்பாக்ஸைப் பிரித்து, கேமை உருவி, அடிப்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பழைய ஃபாலோயரைப் புதுக் கேமோடு ஓடவிட்டுத் தேய்ந்தால் இத்தனையும் மறுபடி செய்தாக வேண்டும். புதுக் கேமுக்குப் புது ஃபாலோயர், கேம் பசை, இரட்டை வரிசை (டூப்ளெக்ஸ்) டைமிங் செயின். ஆயில் பம்பை ஓட்டும் முனை மூன்று வகையில் வருகிறது: ஊசி, பள்ளம், நட்சத்திரம். கேமின் பின்முனையும் பம்பும் ஒரே வகையா என்று மேசையில் வைத்தே பொருத்திப் பாருங்கள். டைமிங்கைப் புள்ளிக்குப் புள்ளி வைத்து விட்டுவிடாமல், டிகிரித் தட்டும் டயல் கேஜும் வைத்து, கேமோடு வரும் அட்டையில் சொன்ன, வால்வு உச்சமாக எழும்பும் கோணத்துக்கு ஆஃப்செட் சாவியாலோ வெர்னியராலோ கொண்டுவாருங்கள். 1.5 விகித ராக்கர் போடுவதானால், வால்வு முழுக்கத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் முட்டிக்கொள்ளக் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

1380 ஏன் வேண்டாம்? 73.5 மிமீ போரில் அதற்குரிய இழுவை கிடைப்பது உண்மை. ஆனால் சுவர் மெலிகிறது, சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் உட்காரும் பட்டை ஒடுங்குகிறது, சூடு கூடுகிறது, அடுத்த முறை போரிங் செய்ய இரும்பு மிச்சமில்லை. 1293-இல் தேய்ந்தால் இன்னும் இரண்டு ஓவர்சைஸ் கையில் இருக்கும்.

கம்ப்ரஷனைக் கணக்குப் போட்டே கட்டுங்கள், ஊகிக்காதீர்கள். 71.12 மிமீ போர், 81.28 மிமீ ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டர் 322.9 சிசி. ஹெட் அறை 21.4, கேஸ்கெட் 3.4, பிஸ்டன் குழி 8, பிஸ்டன் அரை மில்லிமீட்டர் கீழே நிற்பதால் 2, வளையத்துக்கு மேலுள்ள இடுக்கு 0.5 என்று வைத்தால் மொத்தம் 35.3 சிசி. 322.9-ஐ 35.3-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 10.15. சூப்பர் அன்லெடட் இ5 பெட்ரோலில் 266 கேமுக்கு இது சரியான இடம். உங்கள் ஹெட்டையும் பிஸ்டனையும் கண்ணாடித் தட்டும் பியூரெட்டும் வைத்து நிஜமாகவே அளந்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு அறைகளுக்கும் நடுவே அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டாம். அளக்காமல் ஹெட்டைச் சீவி 11-க்கு மேல் போனவர்களுக்குப் எஞ்சின் தட்டத் (நாக்) தொடங்கும்; இக்னிஷனைப் பின்தள்ளியே ஓட்டி, ஏற்றிய கம்ப்ரஷனின் பலனையும் இழப்பார்கள்.

மற்ற அளவுகள்: வளைய இடைவெளி 0.28 முதல் 0.30 மிமீ, கிராங்க் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.08 மிமீ, மெயின் பேரிங் போல்ட் 85 நியூட்டன் மீட்டர், ஹெட் நட்டு 68. கிராங்க் அரைப்பில் 0.020 அங்குலத்தோடு நிறுத்துங்கள். கிராங்க், ராடு, ஃபிளைவீல், கிளட்ச் மொத்தத்தையும் பேலன்ஸ் செய்யக் கொடுக்கும் பணம், மொத்தமே மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த எஞ்சினில் வீணாவதே இல்லை.

ஃபிளைவீலைக் கழற்றும்போது கிராங்க் முனையிலுள்ள வெட்டு கிடைமட்டமாக நிற்கும்படி சுற்றி வைத்துவிட்டே இழுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்கு இறக்கும் முதல் பல்சக்கரமான பிரைமரி கியரைப் பிடித்திருக்கும் ‘சி’ வாஷர் நழுவி ஃபிளைவீலுக்குப் பின்னால் சிக்கும். இழுக்க இழுக்க கிராங்க்தான் பாழாகும். திரும்ப ஏற்றும்போது சரிவான இரண்டு முகமும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் உலர்ந்து, அரைப்பசை போட்டுத் தேய்த்து ஒட்ட வேண்டும். நடு போல்ட் 150 நியூட்டன் மீட்டர்.

மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் குளிக்கிறது. பல்லிலிருந்து உதிரும் இரும்புப் பொடி நேராகப் பேரிங்குக்குப் போக வாய்ப்பு. 20டபிள்யூ50 மினரல் எண்ணெய், எண்ணெய் வடிக்கும் துளைக்குக் காந்தம் வைத்த டிரெயின் பிளக், 3000 மைலுக்கு ஒருமுறை மாற்றம். இதில் கஞ்சத்தனம் கூடாது. கட்டும்போது, பிரைமரி கியருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ஐட்லர் கியரின் ஆட்டம் 0.10 முதல் 0.18 மிமீ, பிரைமரி கியர் ஆட்டம் 0.09 முதல் 0.16 மிமீ. ஐட்லரை, கேஸ்கெட் போட்டு டிரான்ஸ்ஃபர் கேஸை இறுக்கிய நிலையில் அளங்கள். முன் மெயின் கேப்பும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து அரைவட்ட சீலை அவசரத்தில் கோணலாக வைத்தால், தரையில் எண்ணெய் சொட்டும், சரிசெய்ய எஞ்சின் மறுபடி வெளியே. உங்கள் வண்டியின் ஃபைனல் டிரைவ் (கடைசிப் பல்சக்கர விகிதம்) 3.44. 165/60 ஆர்12 டயரில் 70 மைல் வேகத்துக்குச் சுமார் 4100 சுற்று, 3.1 போட்டால் சுமார் 3700. 1293-க்கு 3.1 சுலபமாக இழுக்கும், நெடுஞ்சாலையில் காது தப்பும். ஆனால் கிராமச் சாலைக்கு மட்டும்தான் என்றால் 3.44-ஐ விட்டுவிடுங்கள், துள்ளல் அதில்தான். டிஃபரன்ஷியலின் ஒற்றை ஊசி, வீல் சுழன்று திடீரெனப் பிடிக்கும்போது முறியும். ஊசிகள் குறுக்காகப் போகும் கிராஸ் பின் டிஃப் போடுங்கள். எஞ்சினை ஆடாமல் பிடிக்கும் ஸ்டெடி பாரின் புஷ்களும் புதிதாக இருக்கட்டும். அவை தளர்ந்தால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை நாளடைவில் விரிசல் விடவைக்கும். பலர் மேனிஃபோல்டைத்தான் குறை சொல்வார்கள்.

எச்ஐஎஃப்44-க்குத் தொடக்க ஊசியாக எம்ஜி மெட்ரோவின் பிடிஎல். அது தொடக்கம் மட்டுமே. வால்வு இடைவெளி ஆறிய நிலையில் 0.30 மிமீ; 9-இன் விதியைப் பிடியுங்கள், எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிடித்ததும் ஐடிலில் விடாதீர்கள்: 2000 முதல் 2500 சுற்றில் 20 நிமிடம். கேமும் ஃபாலோயரும் ஒன்றுக்கொன்று படிவது அந்த இருபது நிமிடத்தில்தான். ஆறிய பிறகு ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பாருங்கள்.

முதல் 500 மைல் 4000 சுற்றுக்குள், ஆனால் சோம்பலாக அல்ல. மேட்டில் பாரம் கொடுத்து ஏற்றினால்தான் வளையம் சுவரோடு படியும். அதன் பிறகு எண்ணெயை மாற்றி, டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை, நகக்கண் அளவு செதில் இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் கியர்பாக்ஸைத் திறங்கள். சுத்தமாக இருந்தால், வண்டியை உருளைகள்மேல் ஓட்டித் திறனை அளக்கும் ரோலிங் ரோடுக்குக் கொண்டுபோங்கள். மொத்த இக்னிஷன் அட்வான்ஸை 28 டிகிரியில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றச் சொல்லுங்கள், 32-க்கு மேல் தேவைப்படாது. முழுத் திராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதம் 12.8 பக்கம் வரும்படி ஊசியை மாற்றச் சொல்லுங்கள். அச்சிட்டுத் தரும் தாளில் உச்ச எண்ணைவிட 2500-க்கும் 5000-க்கும் நடுவே இழுவைக் கோடு எவ்வளவு தட்டையாக ஓடுகிறது என்பதைப் பாருங்கள்; பள்ளம் தெரிந்தால் கேம் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி முன்னே நகர்த்தி அன்றைக்கே மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாம், வெர்னியர் போட்டிருந்தால்.